கொல்லிப்பாவையும் கொல்லி மன்னனும்: பற்றுறுதி குறித்த ஆங்கிலச் சொற்களும் அவற்றின் தமிழ் இணைகளும்

ஆய்வுச் சுருக்கம்

பற்றுறுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் லாயல்டி, ஃபிடெலிட்டி, ஃபெய்த்ஃபுல்னஸ், ஃபீல்டி, அலீஜியன்ஸ், கான்ஸ்டன்சி, ஸ்டெட்ஃபாஸ்ட்னஸ் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. தற்காலத் தமிழ் மொழிபெயர்ப்பில் இவை பலவிடங்களில் ‘விசுவாசம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்படுகின்றன. இவ்வடக்கத்தால் இழக்கப்படும் பொருள்வேறுபாடுகள் எவை, அவற்றைத் தமிழ் தன் மரபில் எவ்வாறு பிரித்துக் காட்டியுள்ளது என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது. கொல்லிமலையைப் பின்புலமாகக் கொண்ட மூன்று சங்கப் பாடல்கள் முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆங்கிலச் சொற்கள் பற்றுறுதியின் அடிப்படையைப் பெயரிடுகின்றன என்பதும், தமிழ் அதனைக் ‘கா’, ‘நில்’, ‘பற்று’ ஆகிய வினைகளின் வழியே உணர்த்துகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பற்றுறுதி, விசுவாசம், கொல்லிப்பாவை, வல்வில் ஓரி, காத்தல், கற்பு, சொற்பொருண்மை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என ‘நாடு’ என்னும் பெயரோடு வழங்கும் ஊர்த்தொகுதிகள் இன்றும் உள்ளன. இம்மலையைச் சங்கப் புலவர்கள் இருவகையில் நினைவுகூர்கின்றனர். ஒன்று, வல்வில் ஓரியின் மலை என்பது. மற்றொன்று, தெய்வம் ஆக்கிய பாவை நிற்கும் மலை என்பது. மன்னன் கொல்லப்பட்டான், மலை வேறொருவர் கைக்கு மாறியது, பாவை மட்டும் மாறாமல் நின்றது. பற்றுறுதி என்னும் பண்பின் இரு கூறுகளும், அதாவது ஆள்வோர்பால் கொள்ளும் கட்டுப்பாடும் எதனாலும் குலையாத நிலைபேறும், ஒரே மலையைக் களமாகக் கொண்டு பேசப்பட்டிருப்பது இவ்வாய்வுக்கு வாய்ப்பானதாகும்.

தமிழில் ‘விசுவாசம்’ இன்று பலபொருள் சுமக்கும் சொல். தொண்டர் தலைவருக்குக் காட்டுவதும், பணியாளர் முதலாளிக்குக் காட்டுவதும், நாய் வளர்த்தவருக்குக் காட்டுவதும், கிறித்தவர் இறைவனிடம் கொள்வதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கும்போது ‘லாயல்’ என்பதும் ‘ஃபெய்த்ஃபுல்’ என்பதும் இதே சொல்லைப் பெறும்போது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரும் ஆளுக்குக் கட்டுப்பட்டவரும் வேறுபாடின்றிப் போகின்றனர். இது அகராதிச் சிக்கல் மட்டுமன்று. யாருக்கு, எதன்பொருட்டு, எவ்வளவு தூரம் ஒருவர் கட்டுப்பட வேண்டும் என்னும் அறச்சிக்கலும் இதில் அடங்கியுள்ளது. இக்கட்டுரையில் இப்பண்பு முழுமையையும் குறிக்கும் பொதுச்சொல்லாகப் ‘பற்றுறுதி’ என்பது ஆளப்படுகிறது.

ஆங்கிலச் சொற்களின் வேர்ப்பொருள்

ஆங்கிலச் சொற்களை அவற்றின் வேர்ப்பொருள் நோக்கி நான்கு தொகுதிகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, சட்டம். ‘லாயல்’ என்பது பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீன் ‘லெகாலிஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதன் அடிச்சொல் சட்டத்தைக் குறிக்கும் ‘லெக்ஸ்’. ஆங்கிலத்தில் ‘லீகல்’ என்பதும் இதே மூலத்திலிருந்து வந்த உடன்பிறப்புச் சொல். ஆகவே லாயல்டி தோற்றத்தில் உணர்ச்சியைக் குறித்த சொல்லன்று; சட்டப்படி தனக்குரிய கடப்பாட்டை வழுவாது செய்தலையே குறித்தது. பிற்காலத்திலேயே அது மனப்பற்று என்னும் பொருளை நோக்கி நகர்ந்தது.

இரண்டாவது, நம்பிக்கை. ஃபெய்த், ஃபிடெலிட்டி, ஃபீல்டி ஆகிய மூன்றும் இலத்தீன் ‘ஃபிடெஸ்’ என்பதைச் சார்ந்தவை. இவற்றுள் ஃபிடெலிட்டி சொன்ன சொல்லுக்கோ மணத்துணைக்கோ மூலநூலுக்கோ பிழையாதிருத்தலையும், ஃபீல்டி நிலக்கிழார் முறையில் தலைவனுக்குச் செய்துகொடுத்த சூளுறவையும் சுட்டின. ‘ட்ரூ’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லும் பொருளால் இத்தொகுதியோடு இணைகிறது. இன்று அது ‘உண்மை’ எனப் பொருள்படினும், தொடக்கத்தில் ‘நம்பத்தக்க, உறுதி மாறாத’ என்றே பொருள்பட்டது. போர்நிறுத்தத்தைக் குறிக்கும் ‘ட்ரூஸ்’, மண உறுதியைக் குறிக்கும் ‘பெட்ரோத்’ ஆகியன அதன் கிளைகள். உண்மை என்பதற்கும் நம்பகம் என்பதற்கும் உள்ள இவ்வுறவு தமிழிலும் உண்டு. ‘உண்மையான நண்பன்’ என்னும்போது நாம் சுட்டுவது செய்தியின் மெய்ம்மையை அன்று, ஆளின் மாறாமையையே ஆகும்.

மூன்றாவது, பிணிப்பு. ‘அலீஜியன்ஸ்’ என்பது ‘லீஜ்’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. தலைவனுக்கும் அவன் கீழ் வாழ்வோனுக்கும் இடைப்பட்ட உரிமையும் கடமையும் கலந்த கட்டினை அது குறித்தது. அதன் நெடுமூலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ‘கட்டுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையோடு அதனைச் சேர்த்து எண்ணும் வழக்கம் அதன் பொருளை வலுப்படுத்தியது.

நான்காவது, நிலை. ‘கான்ஸ்டன்சி’ என்பதில் ‘நில்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினை உள்ளது. ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’ என்பதன் முற்பகுதி இடத்தையும் பிற்பகுதி அசையாமையையும் குறிக்கும். இடம்விட்டு அசையாதிருத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். இத்தொகுதியில் தலைவனோ சட்டமோ சூளோ இல்லை. நிற்பவரின் இயல்பே பேசப்படுகிறது.

இப்பகுப்பால் ஓர் உண்மை புலனாகிறது. ஒருவர் சட்டத்துக்குப் பிழையாதவராக இருந்துகொண்டே மனத்தால் மாறுபட்டிருக்கலாம். தலைவனுக்குக் கட்டுப்பட்டுக்கொண்டே சொன்ன சொல்லைப் பொய்க்கலாம். எவருக்கும் கட்டுப்படாமலே நிலைமாறாதவராக வாழலாம். ஒரே சொல்லால் இவற்றைப் பெயர்த்தால் இவ்வேறுபாடுகள் தோன்றா.

‘விசுவாசம்’: ஒரு சொல்லின் நகர்வு

‘விசுவாசம்’ வடமொழி ‘விச்வாஸ’ என்பதன் தமிழ் வடிவம். மூச்சுவிடுதலைக் குறிக்கும் அடியிலிருந்து தோன்றி, அச்சமின்றி நம்பியிருத்தல் என்னும் பொருளைப் பெற்ற சொல் இது. இப்பொருளில் அது நம்புகிறவரின் மனநிலையைக் குறிக்கிறது. கிறித்தவத் தமிழ் இப்பொருளையே போற்றியது. ‘விசுவாசி’ என்றால் இறைவனை நம்புகிறவர். ஆயின் உலகவழக்கில் இச்சொல் மறுகரைக்குச் சென்றுவிட்டது. ‘விசுவாசமான வேலைக்காரர்’ என்னும்போது அவர் பிறரை நம்புகிறவர் அல்லர், பிறரால் நம்பப்படுகிறவர்.

நம்புதல், நம்பப்படுதல் என்னும் இவ்விருமுகம் ஆங்கில ‘ஃபெய்த்’, ‘ஃபெய்த்ஃபுல்’ ஆகியவற்றுக்கும் உரியது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இவ்விடத்தில் நுட்பமாகச் செயற்பட்டுள்ளனர். நம்புதல் என்னும் பொருளுக்கு ‘விசுவாசம்’ என்பதையும், எசமானரால் நம்பத்தக்க ஊழியரைச் சுட்டும் இடங்களில் ‘உண்மை’, ‘உத்தமம்’ ஆகியவற்றையும் அவர்கள் ஆண்டனர். இவ்வேறுபாட்டை அச்சமய வழக்குக்கு வெளியே நாம் பேணவில்லை.

நாயின் பண்பைக் குறிக்கும்போது தமிழர் இயல்பாக ஆளும் சொல் ‘நன்றி’ என்பதும் கருதத்தக்கது. ‘நன்றியுள்ள நாய்’ என்பதே நம் வழக்கு. பழகிய பாகனையே கொல்லும் யானையையும், வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் வாலாட்டும் நாயையும் நட்புக்கு அளவுகோலாக நாலடியார் நட்பாராய்தல் அதிகாரத்தில் ஒப்பிடுகிறது. ஆங்கிலேயர் நாயின் நம்பகத்தைப் பெயரிட, தமிழர் அது பெற்ற நன்மையை மறவாமையைப் பெயரிடுகின்றனர். ஒரே செயல் இரு மொழிகளில் இரு காரணங்களால் விளக்கம் பெறுகிறது.

கொல்லி குறித்த மூன்று பாடல்கள்

பரணர் பாடிய நற்றிணை 201ஆம் பாடல், தலைவியை நினைத்தல் ஆகாது எனக் கடிந்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் கூறும் மறுமொழியாகும். காற்று மோதினும், மழை விரைந்து பெய்யினும், இடி சினந்து தாக்கினும், பிற ஊறுகள் நேரினும், நிலமே நடுங்கினும் தன் வடிவழகு கெடாத கொல்லிப்பாவையைப் போலத் தலைவி தன் நெஞ்சைவிட்டு அகலாள் என்கிறான் தலைவன். ‘மாயா’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் இங்குப் பாவையின் இயல்பைச் சுட்டுகிறது. ஸ்டெட்ஃபாஸ்ட்னஸ் என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான காட்சி வடிவம் தமிழில் காண்பது அரிது. இங்குக் கட்டளையிடும் தலைவனோ செய்துகொண்ட சூளோ இல்லை. மாறாமை ஓர் இயற்கையாகவே சொல்லப்படுகிறது. நிலைபேறு இப்பாடலில் ஆணின் நெஞ்சில் நிகழ்வது என்பதும் குறிக்கத்தக்கது. இதன் தேவை பின்னர்க் கற்புப் பற்றிய பகுதியில் விளங்கும்.

கல்லாடனார் பாடிய அகநானூறு 209ஆம் பாடல் இரு செய்திகளை ஒருங்கே தருகிறது. முள்ளூர் மன்னனாகிய காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்கு அளித்தான் என்பது ஒன்று. அம்மலையில் கடவுள் ஆக்கிய பாவையைப் போன்றது தலைவியின் நலன் என்பது மற்றொன்று. அக்கடவுளுக்குப் புலவர் தரும் அடை ‘நிலைபெறு’ என்பதாகும். மலையின் உரிமை ஓரியிடமிருந்து சேரர்க்கு மாறியதைச் சொன்ன அதே மூச்சில், மாறாத ஒன்று அங்கு நிற்பதையும் புலவர் சொல்கிறார். அலீஜியன்ஸ் கைமாறக்கூடியது, கான்ஸ்டன்சி கைமாற இயலாதது. இவ்விரண்டன் வேறுபாட்டை வரையறையாகக் கூறாமல் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டியுள்ளது இப்பாடல்.

கபிலர் பாடிய நற்றிணை 320ஆம் பாடல் மருதத்திணையைச் சார்ந்தது. விழவும் முடிந்தது, முழவும் ஓய்ந்தது. அந்நிலையில் இளையோள் ஒருத்தி தெருவழியே நடந்துசென்றாள். அதற்கே ஊர் பேரொலி எழுப்பியது. ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவில் காரி புகுந்தபோது பகைவர் புலத்தில் எழுந்த ஆரவாரம் இதற்கு உவமையாகிறது. ஊர் மகளிர் தம் கணவரைக் காவலுக்கு உட்படுத்திக் காத்துக்கொண்டனர் எனப் பாடல் முடிகிறது. மணவாழ்வில் ஆண் பிழைபடுதலாகிய அகச்செய்தியும், மன்னனை இழந்த ஊர் கொன்றவனை எதிர்கொள்ளுதலாகிய புறச்செய்தியும் இங்கு ஓர் உவமையால் இணைகின்றன. ஆங்கிலத்தில் ஃபிடெலிட்டி எனவும் லாயல்டி எனவும் இரு சொற்களுக்குப் பிரிந்து செல்லும் களங்கள் இவை. எழுந்த ஒலி சினமா, துயரா, அச்சமா எனப் பாடல் கூறவில்லை. ஆயினும் ஓரியின் ஊரார் காரியை அமைதியாக ஏற்கவில்லை என்பதை அவ்வொலியே உணர்த்துகிறது. மன்னன் இறந்தபின் அவனுக்குக் கட்டுப்பட வேண்டிய சட்டத்தேவை இல்லை. அதன்பின்னும் எஞ்சியிருந்தது எதுவோ அதுவே அவ்வூரின் பற்றுறுதியாகும்.

இன்று ஆடி மாதந்தோறும் கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது; செம்மேட்டில் ஓரியின் சிலையும் உள்ளது. அரசு நடத்தும் விழாவாதலின் இதனை அறுபடாத மரபின் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், மலையைப் பெற்ற சேரரின் பெயராலோ வென்ற காரியின் பெயராலோ விழா அமையாமல், இழந்தவன் பெயரால் அமைந்திருப்பது இலக்கிய நினைவு எவர்பக்கம் நின்றது என்பதற்குச் சான்றாகும்.

‘கா’ என்னும் வினை

நற்றிணை 320இன் இறுதிச் சொல் ‘கா’ என்னும் வினையடியைச் சார்ந்தது. பரணரின் பாடலிலும் கொல்லிமலை தெய்வத்தால் காக்கப்படுவதாகவே பேசப்படுகிறது. இவ்வினை தமிழில் பற்றுறுதியைக் குறிக்கும் இடங்களில் எல்லாம் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணமுடிகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் இதற்குச் சிறந்த சான்று. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவகத்தி என்னும் வீரன் எருமைகளை மீட்கும் பூசலில் இறந்ததைக் குறிக்கிறது. வீரனின் உருவத்தருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய் இரு கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவலாக நின்றதை அக்கல்வெட்டு பதிவு செய்கிறது. அங்கு ‘விசுவாசம்’ இல்லை, ‘நன்றி’ இல்லை. பண்பைக் குறிக்கும் பெயர்ச்சொல் எதுவுமே இல்லை. ‘காத்திருந்தவாறு’ என்னும் வினைவழிச் சொல்லே உள்ளது. காவல் செய்தது என்றும், பிரியாது உடனிருந்தது என்றும் இருபொருளையும் அது தாங்குகிறது.

தமிழில் சொல்லைக் காக்கலாம், நிறையைக் காக்கலாம், மானத்தைக் காக்கலாம், தினைப்புனத்தைக் காக்கலாம், வரவேண்டியவருக்காகக் காத்திருக்கலாம். ஆங்கிலத்திலும் சொல்லையும் நம்பிக்கையையும் ‘கீப்’ என்னும் வினையோடு சேர்த்து வழங்கும் மரபு உண்டு. ஆனால் அங்கு அவ்வினை ‘ஃபெய்த்’, ‘வேர்ட்’ போன்றவற்றுக்குத் துணையாக நிற்கிறது. தமிழிலோ வினையே பண்பின் பெயராக வளர்ந்து காவல், காப்பு என விரிகிறது. கொல்லிமலையின் கோவில்காடுகளையும் இங்கு எண்ணிப்பார்க்கலாம். தெய்வத்துக்குரியதாகக் கருதப்படும் மரங்களை மக்கள் வெட்டாது விடுகின்றனர். தெய்வம் தம்மைக் காப்பதாக அவர்கள் கருதுகின்றனர். காக்கும் செயல் இருதிசையிலும் செல்கிறது. லாயல்டி என்னும் சொல் பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. காத்தல் என்பதற்கு அக்கட்டாயம் இல்லை. அரசனும் காக்கிறான், நாயும் காக்கிறது.

கடன், பிணிப்பு, நட்பு

ஆங்கிலச் சொற்களில் நேர்ப்பெயர் இல்லாத ஓர் அடிப்படை தமிழில் உண்டு. அது உண்ட சோறு. ‘செஞ்சோற்றுக்கடன்’ என்னும் சொல் பற்றுறுதியைக் கடனாகக் காண்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் பழமொழியும் இதன்பாற்படும். பாரதக் கதையில் கன்னனும், கம்பராமாயணத்தில் கும்பகருணனும் தம் தலைவரின் பிழையை அறிந்தே அவர்பக்கம் நின்று மடிகின்றனர். வீடணன் அறத்தின் பொருட்டு அண்ணனை நீங்குகிறான். அமெரிக்க மெய்யியலாளர் சோசையா ராய்ஸ் 1908இல் வெளியிட்ட லாயல்டி பற்றிய நூலில், தானே விரும்பி ஏற்ற ஒரு குறிக்கோளுக்குத் தன்னை முழுதும் செயலில் ஒப்படைத்தலே லாயல்டி என விளக்கினார். இவ்விளக்கத்தின்படி வீடணனே லாயல் என்னும் அடைக்கு உரியவன். செஞ்சோற்றுக்கடன் நோக்கில் கும்பகருணனே உரியவன். இருவரையும் ‘விசுவாசி’, ‘துரோகி’ என்னும் இரு சொற்களில் அடக்கிவிட்டால் கம்பர் எழுப்பிய வினாவே மறைந்துவிடும்.

சூளால் அமைந்த பிணிப்புக்கு வேளைக்காரப் படையினர் எடுத்துக்காட்டு. உயிரையும் கொடுப்பதாக உறுதியேற்ற இப்படைப்பிரிவினர் சோழநாட்டிலும் இலங்கையிலும் இருந்தனர். முதலாம் விசயபாகுவின் காலத்தில் சோழருக்கு எதிரான போருக்குச் செல்ல மறுத்து அவர்கள் கிளர்ந்தெழுந்ததைச் சூளவம்சம் கூறுகிறது. அதே மன்னன் மறைந்தபின், பொலன்னறுவையில் புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலுக்கு ‘மூன்றுகை வேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ எனப் பெயரிட்டு, அதனைக் காப்பதாக அவர்கள் உறுதியேற்றதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுத் தெரிவிக்கிறது. ஒரே படையினர் ஒருகால் மன்னனின் ஆணையை மறுத்தனர். பிறிதொருகால் பிற சமயத்தின் புனிதப் பொருளுக்குக் காவல் ஏற்றனர். அலீஜியன்ஸ் என்பது ஆளைச் சார்ந்ததா, அறத்தைச் சார்ந்ததா, இனவுறவைச் சார்ந்ததா என்பது அதனைக் கொண்டவர்க்கே எளிதில் விடைகாண முடியாத வினாவாக இருந்துள்ளது.

சட்டமோ சோற்றுக்கடனோ சூளோ இல்லாத பற்றுறுதியும் தமிழ் மரபில் உண்டு. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் கண்டறியாத பிசிராந்தையார் செல்வக்காலத்தில் வாராதிருப்பினும் அல்லற்காலத்தில் வருவார் என உறுதியாகக் கூறினான், அவர் வந்தார். புறநானூற்றில் பதிவாகியுள்ள இந்நிகழ்வை, பழகுதலின்றியும் ஒத்த உணர்ச்சியே நட்புரிமை தரும் என்னும் குறட்கருத்துக்குப் பரிமேலழகர் எடுத்துக்காட்டாக்குகிறார். இங்கு ஆளப்படும் ‘கிழமை’ என்னும் சொல் உரிமையைக் குறிப்பது. கட்டுப்பாட்டால் அன்றி உரிமையால் வரும் இவ்வுறுதிக்கு விசுவாசம் என்னும் பெயர் சிறிதும் பொருந்தாது.

கற்பும் ஃபிடெலிட்டியும்

மணவாழ்வைப் பற்றிய இடங்களில் ஃபிடெலிட்டி என்பதைக் ‘கற்பு’ எனப் பெயர்ப்பது மிகுந்த கவனம் வேண்டும் செயலாகும். ஃபிடெலிட்டி கணவன், மனைவி இருவர்க்கும் ஒப்ப உரியது. தொல்காப்பியத்தில் கற்பு என்பது களவோடு இணைத்து எண்ணப்படும் கைகோள். அதாவது மணவாழ்வாகிய ஒழுக்கநிலை. அந்நிலையில் இருவரும் உளர். பின்னர் இச்சொல் பெண்ணின் பண்பாகக் குறுகியது. திருவள்ளுவர் பெண்ணின் கற்பைத் திண்மை என்கிறார். பிறன்மனை நோக்காத ஆணின் பண்பையோ பேராண்மை என்கிறார். இருபாலார்க்கும் ஒழுக்கம் வேண்டப்படினும் பெயர் வேறாகிவிட்டது. கற்பை இருபாலார்க்கும் பொதுவாக்க வேண்டுமெனப் பாரதியார் வேண்டியதும், இச்சொல்லின் வேரையே ஆராய்ந்து பெரியார் அதன் ஒருதலைச் சார்பை மறுத்ததும் இக்குறுக்கத்துக்கு எதிரான குரல்களாகும்.

இப்பின்னணியில் கொல்லிப் பாடல்கள் மீண்டும் பயன்படுகின்றன. நற்றிணை 201இல் நிலைபேறு ஆணின் நெஞ்சுக்கு உரியது. நற்றிணை 320இல் காக்கப்பட வேண்டியவர்கள் கணவர்கள். புறத்தே இருந்து காக்கும் காவலினும் தன் நிறையால் தன்னைக் காத்தலே சிறந்தது என்னும் வள்ளுவர் கருத்து மகளிரை நோக்கிச் சொல்லப்பட்டது. கபிலரின் பாடலோ புறக்காவல் தேவைப்படும் நிலையில் ஆடவரை வைத்துக் காட்டுகிறது. ஆகவே ஃபிடெலிட்டிக்குத் தமிழ் இணை தேடும் மொழிபெயர்ப்பாளர் கற்பு என்பதில் நின்றுவிடாமல், ‘நிறை’, ‘நிலைமாறாமை’, ‘துணைக்குப் பிழையாமை’ முதலான இருபாற்பொதுச் சொற்களை நாடலாம்.

சட்டமும் மனமும்

சொற்றேர்வின் விளைவு அரசியற்களத்தில் மேலும் கடுமையானது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124ஏ பிரிவு, அரசின்மீது வெறுப்பூட்டுதலைக் குற்றமாக்கியது. அதன் விளக்கத்தில் லாயல்டி இன்மையும் பகைமை உணர்ச்சிகளும் அக்குற்றத்துள் அடக்கப்பட்டன. சட்டத்துக்குப் பணிதல் என்னும் வேர்ப்பொருளுடைய சொல் இவ்வாறு மனத்தின் அன்பைக் கோரும் சொல்லாக ஆளப்பட்டது. 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இப்பிரிவின்கீழ்த் தண்டனை விதிக்கப்பட்டது. ‘இராசவிசுவாசம்’, ‘இராசத்துரோகம்’ என அக்காலத் தமிழ் இதழ்களில் வழங்கிய சொற்கள் இக்கலப்பைத் தமிழுக்குள் கொணர்ந்தன. அரசின் சட்டத்துக்குக் கட்டுப்படுதலும் அரசரை விரும்புதலும் ஒன்றே என்னும் எண்ணத்தை ‘இராசவிசுவாசம்’ எளிதாக்கியது.

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழி இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. அங்கு ஃபெய்த், அலீஜியன்ஸ் ஆகிய இரண்டும் அரசமைப்பை நோக்கியே வேண்டப்படுகின்றன. ஆளும் தனியொருவரை நோக்கி அன்று. தமிழில் உறுதிமொழி ஏற்போர் இவற்றுக்கு ‘நம்பிக்கை’, ‘பற்று’ ஆகிய சொற்களை ஆள்கின்றனர். ‘பற்று’ பிடித்தலைக் குறிக்கும் வினையடி. கைவிடாமை அதன் உட்பொருள். அலீஜியன்ஸ் என்பதன் பிணிப்புப் பொருளுக்கு அது மிக நெருங்கியது. பிணிப்பில் கட்டுபவர் வேறொருவர். பற்றுதலில் பற்றுகிறவர் குடிமகனே. குடியாட்சிக்குப் பின்னையதே பொருத்தமானது.

மொழிபெயர்ப்புக்குரிய பரிந்துரைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் சூழலுக்கேற்ற இணைகளைப் பின்வருமாறு முன்வைக்கலாம். சட்டத்தை அல்லது அமைப்பைச் சார்ந்த லாயல்டிக்கு ‘கடப்பாடு’, ‘முறைவழுவாமை’ என்பனவும், குறிக்கோளைச் சார்ந்த லாயல்டிக்கு ‘பற்றுறுதி’ என்பதும் ஏற்றவை. உண்ட நன்மையின் வழி வருவதற்கு ‘செய்ந்நன்றி’, ‘செஞ்சோற்றுக்கடன்’ என்பன உள்ளன. சூளின் வழி வரும் ஃபீல்டிக்கு ‘சூளுறவு’ பொருந்தும். அலீஜியன்ஸ் என்பதற்குப் ‘பற்று’ என்பதும், கான்ஸ்டன்சி, ஸ்டெட்ஃபாஸ்ட்னஸ் ஆகியவற்றுக்கு ‘நிலைபேறு’, ‘திண்மை’ என்பனவும் தகும். மூலநூலுக்கு மொழிபெயர்ப்பு காட்டும் ஃபிடெலிட்டியை ‘மூலம் பிழையாமை’ எனலாம். ‘விசுவாசம்’ என்பதை விலக்க வேண்டியதில்லை. நம்புதல் என்னும் அதன் முதற்பொருளுக்கும், ஆண்டான்–பணியாளர் உறவைச் சுட்டும் உலகவழக்குக்கும் அதனை வரையறுத்துக்கொள்வதே போதுமானது.

இணை தேடுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: பற்றுறுதி யாரை அல்லது எதனை நோக்கியது? அது சட்டம், நன்மை, சூள், உணர்ச்சி, இயல்பு ஆகியவற்றுள் எதிலிருந்து பிறக்கிறது? அச்செயல் காத்தலா, நிற்றலா, பற்றுதலா? இவற்றுக்கு விடை கிடைக்குமிடத்துப் பெயர்ச்சொல் அமையாவிடினும் வினைச்சொல் அமையும்.

முடிவுரை

இவ்வாய்வின் முடிபுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. ஆங்கிலப் பற்றுறுதிச் சொற்கள் சட்டம், நம்பிக்கை, பிணிப்பு, நிலை என்னும் நால்வகை அடிப்படைகளைப் பெயரிடுகின்றன. இவற்றை ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தல் பொருளிழப்புக்கு வழிவகுக்கும்.

2. ‘விசுவாசம்’ நம்புகிறவரின் மனநிலையிலிருந்து நம்பப்படுகிறவரின் பண்புக்கு நகர்ந்த சொல். இவ்விரு பொருளையும் தமிழ் விவிலிய மரபு பிரித்தே ஆண்டுள்ளது.

3. கொல்லி குறித்த பாடல்களுள் அகநானூறு 209 கைமாறும் ஆட்சியுரிமையையும் மாறாத பாவையையும் அருகருகே நிறுத்துகிறது. நற்றிணை 201 நிலைபேற்றை ஆணின் நெஞ்சுக்கு உரியதாக்குகிறது. நற்றிணை 320 மணவுறவின் பிழையாமையையும் மன்னன்மீதான பற்றையும் ஓர் உவமையில் இணைக்கிறது.

4. ‘கா’ என்னும் வினை தமிழில் பற்றுறுதியின் மையமாக அமைகிறது. ஏழாம் நூற்றாண்டு எடுத்தனூர் நடுகல் இப்பண்பைப் பெயர்ச்சொல் எதுவுமின்றி இவ்வினையாலேயே உணர்த்தியுள்ளது.

5. கற்பு, இராசவிசுவாசம் ஆகிய சொற்களின் வரலாறு, பற்றுறுதியை ஒருதலையாகக் கோரும்போது சொல் அதிகாரத்தின் கருவியாக மாறுவதைக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளரின் சொற்றேர்வு இவ்வகையில் அறப்பொறுப்பும் உடையது.

பிற மலைநாட்டு வழக்குகளிலும் வாய்மொழி இலக்கியங்களிலும் ‘கா’ என்னும் வினையின் ஆட்சியைத் தொகுத்தாய்ந்தால் இம்முடிபுகள் மேலும் விரிவும் திருத்தமும் பெறும்.